சூப்பர் ஃபேமிகாம் ஆர்பிஜி சேகரிப்பு: வாங்குவது முதல் பேட்டரி மாற்றுவது வரை

பழைய ஜப்பானிய ஆர்பிஜி (நாயகனை வளர்த்துக் கதையில் முன்னேறும் வகை) கேம்களைச் சேகரிக்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு எங்கள் பதில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம். 1990 நவம்பரில் ஜப்பானில் வந்த இந்த ஒரே கன்சோலில் 'டிராகன் குவெஸ்ட் 5' (1992), 'ஃபைனல் ஃபேன்டசி 6' (1994), 'மதர் 2' (1994), 'குரோனோ டிரிகர்' (1995) எல்லாம் கிடைக்கும். புதிதாக வந்தபோது 'ஃபைனல் ஃபேன்டசி 6' விலை 11,400 யென். பெரிய பெயர்கள் எல்லாம் ஜப்பானில் ஏராளமாக விற்றதால், பெட்டி இல்லாத கார்ட்ரிட்ஜ் (கேம் அடங்கிய, கன்சோலில் செருகும் பிளாஸ்டிக் டப்பா) இன்றும் கைக்கு எட்டும் விலைதான்.

ஆனால் ஆர்பிஜி கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது வெளித்தோற்றத்தை விட முக்கியமானது உள்ளே இருக்கும் பேட்டரி. நீங்கள் சேவ் செய்வது எஸ்ரேம் என்ற சிப்பில் பதிகிறது. கன்சோலை அணைத்த பிறகு அந்தச் சிப்பை உயிரோடு வைத்திருப்பது ஒரு சிஆர்2032 காயின் செல். அது தீர்ந்தாலும் கேம் ஓடும், சேவ் மட்டும் நிற்காது. நாற்பது மணி நேரம் ஆட வேண்டிய கேமில் சேவ் நிற்கவில்லை என்றால் அது அலமாரிப் பொருள்தான். இந்த செல்களுக்கு இப்போது முப்பது வயது. சில இன்னும் 3 வோல்ட் காட்டும், சில எப்போதோ போயிருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும்.

முதலில் கன்சோலும் கரண்டும்

ஜப்பான் கன்சோலையே வாங்குங்கள். இதே கன்சோலின் அமெரிக்க வடிவமான சூப்பர் நின்டெண்டோவின் ஸ்லாட்டுக்குள் இரண்டு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். ஜப்பான் கார்ட்ரிட்ஜ் அவற்றில் இடித்து நிற்கும். ஐரோப்பிய கன்சோலில் கார்ட்ரிட்ஜ் உட்காரும், ஆனால் வேறு பிராந்தியத்துக் கேமைத் தடுக்கும் லாக்-அவுட் சிப் ஓட விடாது.

அசல் அடாப்டர் ஹெச்விசி-002. ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்தது. இதை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அடாப்டர் கருகிவிடும். 230-லிருந்து 100-க்கு இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். இல்லையென்றால் 9 அல்லது 10 வோல்ட் டிசி, குறைந்தது 850 மில்லிஆம்ப் தரும், நடுமுனை நெகட்டிவான அடாப்டர் தேடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். அடாப்டரின் மேல் அச்சிட்ட வட்டக் குறியைப் பார்க்காமல் செருகாதீர்கள். டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டுகொண்டே இருந்தாலோ கன்சோல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஜப்பான் கன்சோல் அனுப்பும் என்டிஎஸ்சி வகை டிவி சிக்னலை அந்த டிவி ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

வாங்கும்போது

டோக்கியோ அகிஹபாராவின் சூப்பர் பொட்டேட்டோ, நாகானோ பிராட்வேயின் மண்டராக்கே போன்ற கடைகள் பார்க்க அருமை. ஆனால் சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்கள் என்பதால் விலை கொஞ்சம் தூக்கல்தான். ஹார்ட் ஆஃப், புக் ஆஃப் என்ற பழைய பொருள் கடைகளின் புறநகர் கிளைகளில் அதே கார்ட்ரிட்ஜ் குறைவாகக் கிடைக்கும். இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் யாஹூ ஏலம், மெர்காரி, சுருகாயா தளங்களில் தேடி, பையீ, சென்மார்க்கெட் போன்ற இடைத்தரகுச் சேவை வழியாக வாங்கலாம். கார்ட்ரிட்ஜ் விலையை விட அனுப்பும் செலவும் சுங்கவரியும் கூடுதலாகிவிடும். எனவே ஒன்று ஒன்றாக வாங்காமல் எட்டுப் பத்து சேர்த்து ஒரே பார்சலாகக் கேளுங்கள்.

விளம்பரத்தில் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். 'ஹாகோ செட்சு ட்சுகி' என்றால் பெட்டியும் கையேடும் உண்டு. 'சொஃப்டோ நோமி' என்றால் வெறும் கார்ட்ரிட்ஜ். 'தோசா மிகாகுனின்' என்றால் ஓட்டிப் பார்க்கவில்லை. 'ஜங்க்கு' என்றால் எப்படி இருந்தாலும் திருப்பித் தர முடியாது. இந்தக் கடைசி வகையைக் கண்டு ஒதுங்க வேண்டாம். பலமுறை அழுக்கான பின்கள் (கன்சோலைத் தொடும் உலோகப் பட்டைகள்) மட்டுமே குறை. பேட்டரி தீர்ந்ததையே குறையாக எழுதியிருந்தால் விலைக்கு அது லாபம். ஒதுங்க வேண்டியது தண்ணீர் பட்ட கறை, பச்சை பிடித்த பின், மழுங்கிய ஸ்க்ரூ தலை.

ஜப்பானுக்குள் விற்கும் மலிவுக் கார்ட்ரிட்ஜில் போலி அபூர்வம். ஆங்கில மொழிபெயர்ப்போடு பளபள லேபிளில் வருபவை பிற்காலத்தில் செய்தவை. திறந்து பார்த்தால், அசல் போர்டில் நின்டெண்டோ பெயரும் 'எஸ்ஹெச்விசி' என்று தொடங்கும் குறியீடும் அச்சாகியிருக்கும்.

ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் 'செல்டா: கமிகாமி நோ டிரைஃபோர்ஸ்' (1991) போன்ற சாகசக் கேமில் தொடங்கலாம். 'கமாய்தாச்சி நோ யோரு' (1994) அற்புதமான படைப்பு, ஆனால் திரை முழுக்க எழுத்துதான். மொழி தெரியாமல் அதை ஆட வழியே இல்லை.

சுத்தம் செய்து சோதிப்பது

வந்ததும் கன்சோலில் செருகாதீர்கள். அழுக்கு ஸ்லாட்டுக்குள் போனால் மற்ற கார்ட்ரிட்ஜ்களும் தகராறு செய்யும். 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் காதுக்குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பின்களின் நீளவாக்கில் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றுங்கள். 'சூப்பர் மரியோ ஆர்பிஜி' போல உள்ளே கூடுதல் சிப் உள்ளவற்றில் நடுவில் 46 பின்கள் தவிர இரு ஓரங்களிலும் தலா 8 இருக்கும், அவற்றையும் விடாதீர்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். ரப்பர் போட்டுத் தேய்த்தால் மெல்லிய தங்கப்பூச்சு உரியும்.

பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். கேமில் சேவ் செய்து, அணைத்து, மறுநாள் காலையில் பாருங்கள். அணைத்த உடனே மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு 'சேவ் இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் கொஞ்ச நேரம் அதைத் தாங்கும். செல் போயிருந்தால் 'டிராகன் குவெஸ்ட்' உங்கள் சாகசக் குறிப்பு அழிந்துவிட்டது என்று திரையிலேயே சொல்லிவிடும். மற்ற பல கேம்களில் காலி இடம்தான் தெரியும்.

பேட்டரி மாற்றுவது

தேவையானவை: 3.8 மிமீ கேம்பிட் (கார்ட்ரிட்ஜ் ஸ்க்ரூவைத் திறக்கும் தனி முனை), டேப் (போர்டில் ஈயம் வைக்க செல்லோடு சேர்ந்த உலோகக் கால், tab) வைத்த சிஆர்2032 செல், வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், 0.8 மிமீ 60/40 ஈயம், ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஓட உதவும் பசை), டிசால்டரிங் விக் (பழைய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்), மல்டிமீட்டர்.

உள்ளே பழைய சேவ் இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். தொண்ணூறுகளில் யாரோ ஒரு ஜப்பானியச் சிறுவனோ சிறுமியோ பெயர் வைத்து வளர்த்த நாயகன் அங்கே இருப்பான். செல்லைக் கழற்றினால் அது போய்விடும். சன்னி கார்ட் ரீடர் போன்ற ஒரு கருவியால் அந்த சேவ்-ஐ முதலில் கணினியில் எடுத்து வையுங்கள், மாற்றிய பிறகு திருப்பி எழுதலாம். இதைச் செய்யாமல் பேட்டரி மாற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கார்ட்ரிட்ஜின் கீழ்ப்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, கீழிருந்து தூக்கினால் மேல்பக்கக் கொக்கிகள் விடும். பேனாக் குழாயை உருக்கி ஸ்க்ரூவில் அழுத்தும் குறுக்குவழி வேண்டாம், பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து செல்லின் இருமுனையை அளங்கள். 3 வோல்ட்டை ஒட்டி இருந்தால் அப்படியே மூடிவிடலாம். 2.7-க்குக் கீழே என்றால் மாற்றுவது நல்லது. 2.5-க்குக் கீழே என்றால் தள்ளிப்போடவே கூடாது.

போர்டில் பிளஸ், மைனஸ் அச்சிட்டிருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அயர்னை 350 டிகிரிக்கு வைத்து, பின்பக்கம் பழைய ஈயத்தின் மேல் ஃப்ளக்ஸ் தடவி, கொஞ்சம் புது ஈயம் சேருங்கள். முப்பது வருட ஈயம் தனியாக உருக மறுக்கும். புது ஈயம் கலந்தால் இளகும். ஒரு டேப்பைச் சூடாக்கி, ஈயம் பளபளவென்று உருகிய பிறகே மெதுவாகத் தூக்குங்கள். பிறகு அடுத்தது. மைனஸ் பக்கம் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூடு ஏற நேரமாகும். அந்த இடத்தில் பொறுமை இழந்து இழுப்பவர்கள்தான் பேடை (துளையைச் சுற்றிய செம்பு வளையத்தை) பிய்த்துவிடுகிறார்கள். அது உரிந்து வந்துவிட்டால் தனி ஒயர் இழுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். விக் வைத்து துளைகளைச் சுத்தம் செய்து, புது செல்லைத் திசை பார்த்து நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று விநாடி சூடு கொடுங்கள். மிச்சக் காலை வெட்டி, மறுபடி வோல்ட் அளங்கள்.

டேப் இல்லாத செல்லில் நேராக ஈயம் வைக்கக் கூடாது. சூட்டில் செல் வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் ஆயுள் குறைந்துவிடும். சார்ஜ் ஏற்றும் எல்ஐஆர்2032 பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும் அதை இங்கே போடக் கூடாது. செல்லைக் கையால் மாற்ற உதவும் ஹோல்டர் வைத்தால் அடுத்த முறை சுலபம் என்று தோன்றும். ஆனால் பல ஹோல்டர்கள் உயரமானவை, மூடி சரியாக மூடாது. டேப் செல்லுக்கே எங்கள் ஓட்டு.

மூடும்முன் மாற்றிய மாதம், வருடத்தைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி உட்பக்கம் ஒட்டுங்கள். ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் சுழற்றி, பழைய மரையில் 'டக்' என்று விழுந்த பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். அப்போதுதான் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது. அட்டைப் பெட்டி உள்ளவற்றை வெயில் படாத இடத்தில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பெட்டியின் சிவப்பு நிறம் வெயிலில்தான் முதலில் வெளுக்கும்.

சால்டரிங் இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள் பிளேஸ்டேஷனிலிருந்து தொடங்கலாம். அங்கே சேவ் 15 பிளாக் மெமரி கார்டில் ஃபிளாஷ் நினைவகத்தில் நிற்கிறது, பேட்டரி கிடையாது. சேகா சாட்டர்னிலும் சிஆர்2032 உண்டு. ஆனால் அது கன்சோலின் பின்புறச் சிறு மூடிக்குள் இருப்பதால், ஈயம் இல்லாமல் கையாலேயே மாற்றிவிடலாம்.