மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆண்டுப் பறவைப் பட்டியல்: எதை எப்போது தேடுவது

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 நள்ளிரவு வரை, நீங்களே வகுத்துக்கொண்ட எல்லைக்குள் எத்தனை இனப் பறவைகளைக் கண்டீர்கள் என்பதுதான் ஆண்டுப் பட்டியல். ஒரு காகத்தை ஆயிரம் தரம் கண்டாலும் கணக்கில் ஒன்றுதான்.

முதலில் எல்லையை முடிவு செய்யுங்கள். மட்டக்களப்பு வாவி ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் தென்முனையில் நின்றால் நீங்கள் ஒரு மாவட்டத்தில் இருப்பீர்கள், பறவை மற்ற மாவட்டத்தில் மேயும். பறவை இருக்கும் இடத்தைக் கணக்கெடுப்பதா, நீங்கள் நிற்கும் இடத்தையா என்பதைத் தொடக்கத்திலேயே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு மாவட்டங்களையும் ஒரே பட்டியலாக வைப்பது எங்கள் தெரிவு. களப்பு, நெல்வயல், பெருங்குளம், வறண்ட காடு எல்லாம் அதற்குள் வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் ஆண்டில் 150 இனம் நல்ல இலக்கு.

ஜனவரியில் பலரும் செய்வது, வீட்டைச் சுற்றித் திரியும் மைனா, புலுனி, செண்பகம், கொண்டைக்குருவி எல்லாவற்றையும் அடையாளமிட்டுவிட்டு, பட்டியல் வேகமாக வளர்கிறது என்று நிறைவடைவது. அவை ஜூலையிலும் அங்கேதான் இருக்கும். வலசை வந்த பறவைகளோ ஏப்ரலில் போய்விடும். ஆண்டுக் கணக்கு வலசைப் பருவத்தை இரண்டாக வெட்டுவதால் ஒவ்வொரு வலசைப் பறவைக்கும் இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன: ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று, ஓகஸ்ட் கடைசி முதல் டிசம்பர் வரை மற்றொன்று. முதல் வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்துங்கள். இரண்டாவதை விட்டுப்போனதைப் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை உள்ளான்கள், உப்புக்கொத்திகள் (இரண்டும் சேற்றோரம் இரைதேடுபவை), ஆலாக்கள், வலசைத் தாராக்கள் (ஊசிவால் வாத்து, நீலச்சிறகி), பழுப்புக் கீச்சான், ஆறுமணிக்குருவி ஆகியவற்றைத் தேடுங்கள். ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். பகலில் புதருக்குள் அதைத் தேடுவது வீண் அலைச்சல். ஏப்ரலுக்குப் பிறகு கச்சான் காற்றும் வெயிலும் ஏறும்போது குமண தேசியப் பூங்காப் பக்கம் திரும்புங்கள். அங்குள்ள வில்லு என்னும் சதுப்பு ஏரியைச் சுற்றிய கண்டல் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, கொக்கினங்கள் கூடு கட்டும் காலம் அது. பாணமையைத் தாண்டி ஒக்கந்தையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவாயில் உண்டு, உள்ளே வாகனத்தில்தான் போகமுடியும். கதிர்காம யாத்திரிகர்கள் அவ்வழியே காட்டுக்குள் நடந்து போகும் நாட்களில் கூட்டம் அதிகம், அந்த நாட்களைத் தவிருங்கள். காட்டுக்கோழி, சாம்பல் இருவாச்சி, பழுப்புத்தலைச் சிலம்பன் போன்ற இலங்கைக்கே உரிய இனங்களுக்கு கல்லோயா, லகுகலைப் பக்கங்கள் ஏற்றவை. இவை வலசை போவதில்லை, எனவே வருட நடுவில் போனாலும் போதும். சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போனால் மீன் உண்ணும் கழுகுகளையும் பார்த்துவிடலாம்.

வாவியில் எங்கே நிற்பது என்பதை வெயில்தான் தீர்மானிக்கிறது. காலையில் கிழக்குக் கரையான எழுவான்கரையில், காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கமாக நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கால் நிறம்கூடத் தெரியும். மாலையில் மேற்குக் கரையான படுவான்கரைக்கு மாறி கிழக்கே பாருங்கள். இதற்கு எதிர்மாறாக நின்றால் எல்லா உள்ளானும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஆனால் படுவான்கரையில் மாலை நேரம் யானைகளின் நேரமும்கூட. வெளிச்சம் இருக்கும்போதே வீதிக்கு வந்துவிடுங்கள்.

நம் கரையில் கடல் ஏற்றவற்றம் சிறியது. அதனால் சேறு தெரிகிறதா இல்லையா என்பதை அலையைவிட, வாவி கடலோடு சேரும் முகத்துவாரமே அதிகம் தீர்மானிக்கிறது. மாரியில் வாவி நிறைந்து முகத்துவாரம் மூடியிருக்கும்போது கரைச்சேறு மூழ்கி, சிறிய உள்ளான்கள் வயல்களுக்கும் ஓரக் குட்டைகளுக்கும் சிதறிவிடும். முகத்துவாரத்தை வெட்டி நீர் இறங்கிய முதல் சில நாட்களில் ஒரே இடத்தில் பல இனங்கள் கூடும். அந்தச் செய்தி மீனவர்களிடம் முதலில் கிடைக்கும், அவர்களோடு பேச்சு வைத்திருப்பது நல்லது. குளங்களில் நிலைமை வேறு: உன்னிச்சை, றூகம் போன்றவை சிறுபோக நீர்ப்பாய்ச்சலுக்குப் பிறகு வற்றும்போதுதான் ஓரங்களில் பறவை சேரும்.

இனி அடையாளம். பட்டியல் கெடுவது இங்கேதான்.

வயலில் காலடியிலிருந்து எழும்பி வளைந்து வளைந்து பறக்கும் உள்ளான், பெரும்பாலும் ஊசிவால் உள்ளான். விசிறிவால் உள்ளான் என்று எழுத வேண்டுமானால் இறக்கையின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக் கோட்டைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் ‘உள்ளான், இனம் தெரியாது’ என்று எழுதுங்கள். பச்சைக்கால் உள்ளானின் அலகு தடித்து, நுனி சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அதைவிடச் சிறிய சதுப்பு உள்ளானின் அலகு ஊசிபோல் நேராக இருக்கும். பெரிய வெள்ளைக்கொக்கிற்கும் இடைவெள்ளைக்கொக்கிற்கும் வேறுபாடு வாய்க்கோட்டில் உள்ளது: பெரியதற்கு அது கண்ணுக்குப் பின்னாலும் நீளும், மற்றதற்குக் கண்ணோடு நின்றுவிடும். உடல் அளவை வைத்து மட்டும் தீர்மானித்தால் தனியாக நிற்கும் கொக்கு ஏமாற்றும். ஆலாக்கள் வலசைக் காலத்தில் குளிர்கால உடையில் இருப்பதால் ‘கறுப்புத் தொப்பி’ விளக்கம் உதவாது, அலகின் தடிப்பையும் வால் பிளவையும் பாருங்கள்.

போனில் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது யோசனைதான், சாட்சி அல்ல. கரிச்சானும் பச்சைச்சிட்டும் பிற பறவைகளின் குரலைப் பாவனை செய்யும், செயலி அப்படியே நம்பிவிடும். கேட்டு மட்டும் அறிந்ததைச் சேர்க்கலாம், ஆனால் பக்கத்தில் ‘கே’ என்று குறியிடுங்கள். இரவில் நடமாடும் பக்கியும் ஆந்தையும் பெரும்பாலும் ‘கே’யாகவே வரும். பறவையை வெளியே வரவைக்க அதன் குரலை ஒலிக்க வேண்டாம், கூடு கட்டும் காலத்தில் சிறிதும் கூடாது. கூடுகளின் சரியான இடத்தைப் பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

பதிவுக்கு இரண்டு கொப்பி தேவை. ஒன்று களத்துக்கு, பென்சிலோடு, ஏனெனில் பேனை மை மாரியில் கரையும். அதில் திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், நீர்மட்டம், இனம், எண்ணிக்கை. மற்றது வீட்டில்: ஓர் இனத்துக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம், முதலில் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள். கடைசி நாளைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. ஆனால் வலசை எப்போது முடிகிறது என்பதை அந்தக் கட்டம்தான் காட்டும். எண்ணிக்கையையும் விடாதீர்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடப்பதே எண்ணிக்கைக்காகத்தான்.

பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுவதாக இருந்தால், கண்ட இனங்கள் அனைத்தையும் எழுதிய பட்டியலை மட்டும் ‘முழுமை’ எனக் குறியுங்கள். நகர்ந்து பார்த்த பட்டியல் எட்டுக் கிலோமீற்றருக்குள் இருக்கட்டும். கல்லடியிலிருந்து வாகரை வரை ஒரே பட்டியலாக ஏற்றினால் எந்தப் பறவை எங்கே என்பது யாருக்கும் தெரியாது. செயலி ஆண்டுதோறும் வகைப்பாட்டைப் புதுப்பிக்கும்போது உங்கள் கூட்டுத்தொகை தானாக மாறலாம். நம் கடற்கரையில் குஞ்சு பொரிக்கும் சிறிய உப்புக்கொத்தியை 2023 இல் ஆய்வாளர்கள் அனுமன் உப்புக்கொத்தி எனத் தனி இனமாகப் பிரித்தது ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்ப்பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் விஞ்ஞானப் பெயரையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தொலைநோக்கி 8x42 (8 மடங்கு, 42 மி.மீ. வில்லை) போதும். 10 மடங்கில் கை நடுக்கம் கூடத் தெரியும். வாவியின் நடுவில் மிதக்கும் தாராவுக்கு மட்டும் முக்காலியில் 20–60 மடங்குக் கண்ணாடி தேவைப்படும், அதை இருவர் பகிர்ந்து வாங்கலாம். உப்புக் காற்று பட்ட வில்லையை உலர்துணியால் தேய்த்தால் உப்புப் பொடி கீறிவிடும். முதலில் ஊதி, ஈரத்துணியால் ஒற்றி, பிறகு துடையுங்கள். படை முகாம்கள், பாலங்கள் பக்கம் தொலைநோக்கியை உயர்த்த வேண்டாம், கேள்வி வரும்.

ஒக்டோபர் தொடங்கியதும் விட்டுப்போனவற்றைத் தனித்தாளில் எழுதி இரண்டாகப் பிரியுங்கள்: காட்டுப் பக்கம், நீர்ப் பக்கம். காட்டுப் பக்கத்தை முதலில் முடியுங்கள். மாரி வெள்ளத்தில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதிபோன்ற வழிகள் மூழ்கினால் நவம்பருக்குப் பின் படுவான்கரைக்குள் போவது நிச்சயமில்லை. நீர்ப் பறவைகளை டிசம்பர் கடைசி வாரத்திலும் வாவிக்கரையில் இறங்கிப் பார்க்கலாம்.