வளர்ப்புப் பாம்பு கலப்பா? தாய் தகப்பனைச் சட்டையில் தேடும் முறை

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து அம்பாசமுத்திரம் வந்த என் தங்கை மகன், பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினான். உள்ளே முழுசாக ஒரு பாம்புச் சட்டை.

"மாமா, நான் வளர்க்கிற பாம்போடது. கார்ன் பாம்புக்கும் கலிபோர்னியா கிங் பாம்புக்கும் பொறந்ததுன்னு சொல்லி ரூவா கூட வாங்கினாங்க. நெசந்தானா?"

திண்ணையிலிருந்த ஆச்சி, "இதுல என்னல அதிசயம்? நம்ம வயக்காட்டுல சாரையும் நல்ல பாம்பும் சேருதத நானே பாத்திருக்கேன்" என்றாள்.

இரண்டு பேருக்கும் பதில் சொல்லச் செதில் எண்ணத் தெரிந்தால் போதும். முதன்முதலாகச் செய்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். இதற்குப் பாம்பைப் பிடிக்கவே வேண்டாம்.

படி 1: சட்டையை விரிப்பது

தலையிலிருந்து வால் வரை கிழியாத சட்டை வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் இளகிவிடும். வயிற்றுப் பக்கம் நடுவாகக் கத்தரியால் வெட்டிக்கொண்டே வாருங்கள். மலவாய்க்கு நாலு விரற்கடை முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்த இடம் சிதைந்தால் முக்கியமான சாட்சி போய்விடும். கறுப்புத் துணிமேல் விரித்து, கைலென்சும் செல்போன் கேமராவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாம்புகளிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

படி 2: நடக்கக்கூடிய ஜோடியா என்று பார்ப்பது

விற்றவர் சொன்ன இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். கார்னும் கிங்கும் அமெரிக்காவைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். இவற்றின் குட்டியை வளர்ப்பவர்கள் 'ஜங்கிள் கார்ன்' என்பார்கள். மலைப்பாம்பு வகைகளான பால் பைத்தானும் (ball python) கார்பெட் பைத்தானும் சேர்ந்த 'கார்பால்' என்பதும் உண்டு. ஆனால் கார்னுக்கும் பால் பைத்தானுக்கும் பிறந்தது என்று யாராவது சொன்னால் அத்தோடு எழுந்து வந்துவிடலாம். அவை வேறு வேறு குடும்பம்.

படி 3: மலவாயை மூடும் செதில்

வயிற்றுச் செதில்கள் பட்டை பட்டையாக வந்து முடியும் இடத்தில் மலவாயை மூடியபடி ஒரு செதில் இருக்கும். கார்னுக்கு அது இரண்டாகப் பிளந்திருக்கும். கிங்குக்கு ஒரே துண்டு. சுத்தமான கார்ன் என்று வாங்கிய பாம்புக்கு ஒற்றைச் செதில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பிளந்திருந்தால் மட்டும் கலப்பில்லை என்று ஆகாது. கலப்புக் குட்டி எந்தப் பக்கமும் போகலாம்.

படி 4: செதில் வரிசை எண்ணுவது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். உடம்பின் சரி பாதியில், வயிற்றுப் பட்டையை ஒட்டிய முதல் செதிலில் தொடங்குங்கள். ஓட்டுக்கூரையில் ஏறுவதுபோல் சாய்வாக ஒவ்வொரு செதிலாக எண்ணி முதுகெலும்பு வரை ஏறி, மறுபக்கம் அதேபோல் இறங்குங்கள். வயிற்றுப் பட்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் மூன்று தடவை எண்ணுங்கள். வால் பக்கம் போகப் போக எண்ணிக்கை குறையும் என்பதால் நடுப்பகுதியை விட்டு விலக வேண்டாம்.

கார்னுக்குப் பெரும்பாலும் 27 வரிசை, முதுகுச் செதில்களின் நடுவே மெல்லிய வரம்பு. கலிபோர்னியா கிங்குக்கு 23 அல்லது 25, செதில் வழுவழுவென்றிருக்கும். கலப்பு இடையில் நிற்கலாம்.

நாங்கள் எண்ணியபோது மூன்று தடவையும் 27. வரம்பும் தெரிந்தது, மலவாய்ச் செதிலும் பிளந்திருந்தது. பையன் முகம் வாடிவிட்டது.

படி 5: நிறத்தைக் கடைசியில் பார்ப்பது

எல்லாரும் முதலில் பார்ப்பது நிறத்தை, ஏமாறுவதும் அங்கேதான். கார்னுக்கு உச்சந்தலையில் ஈட்டிமுனை மாதிரி ஒரு குறி, வயிற்றில் சதுரங்கக் கட்டம். கிங்குக்கு வளையம் அல்லது நீளக்கோடு. ஆனால் சுத்தமான கார்னிலேயே கறுப்பு நிறமி இல்லாதது, கோடு போட்டது என்று எத்தனையோ ரகம் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். 'கிரீம்சிகிள்' என்ற ரகம் கார்னுக்கும் எமோரி எலிப்பாம்புக்கும் பிறந்தது. அந்த இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால் செதில் எண்ணிப் பிரிக்க முடியாது. கலப்பின் குட்டியை மறுபடி கார்னோடே சேர்த்திருந்தாலும் கண்ணுக்குக் கார்னாகவே தெரியும்.

படி 6: தாய் யார், தகப்பன் யார்?

இதற்கு மரபணுச் சோதனைதான் வழி. சட்டையிலிருந்தே மரபணு எடுக்கலாம். செல்லில் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு தாய்வழியை மட்டும் காட்டும். உட்கரு மரபணுவையும் பார்த்தால்தான் தகப்பன் வருவான். புளோரிடாவில் பெருகிக் கிடக்கும் பர்மிய மலைப்பாம்புகள் சிலவற்றில், நம் களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் இருக்கிற இந்திய மலைப்பாம்பின் தாய்வழித் தடயம் இருப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது. உருவத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க முடியாது. நிறத்துக்கான மரபணுவை மட்டும் பார்க்கும் சோதனை இனத்தைச் சொல்லாது. பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஒரே கூண்டில் இந்த ஆண்தான் இருந்தது" என்பதும் சாட்சியாகாது. பெண் பாம்பு முன்னால் சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் உடம்பில் வைத்திருக்கும். ஆணே இல்லாமல் குட்டி பிறப்பதும் உண்டு. நம் பூந்தொட்டி மண்ணில் நெளியும் புழுப்பாம்பு இனத்தில் எல்லாமே பெண்தான்.

படி 7: எழுதி வைப்பது

தேதி, வரிசை எண்ணிக்கை, மலவாய்ச் செதில், படங்கள் எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றுங்கள். எங்கள் நோட்டில் "கார்ன் தெரிகிறது, கிங் அடையாளம் எதுவும் இல்லை" என்று எழுதினோம். "கலப்பே இல்லை" என்று எழுத எங்களிடம் ஆதாரம் இல்லை. நாளைக்குப் பாம்பை யாருக்காவது கொடுத்தால் இந்த நோட்டும் கூடவே போக வேண்டும். பால் பைத்தான் மாதிரி சைட்டிஸ் (அருகும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளதை வளர்ப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நம் நாட்டுப் பாம்புகளில் சட்டம் பாதுகாக்கிற எதையும் வீட்டில் வளர்க்க முடியாது.

இனி ஆச்சிக்கு. சாயங்காலம் தொழுவத்துக்குப் பின்னால் வைக்கோல் படப்பு ஓரத்தில் ஒரு சட்டை கிடந்தது. எடுக்காமல் அங்கேயே குத்தவைத்து எண்ணினோம். நடுவில் 17 வரிசை, மலவாய்ச் செதில் பிளந்தது, மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்று சின்னக் கன்னச் செதில். சாரை. நல்ல பாம்புக்குக் கன்னச் செதிலே கிடையாது, மலவாய்ச் செதிலும் ஒற்றை. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. வயக்காட்டில் ஆச்சி பார்த்தது சாரைகள் இரண்டும் பின்னி எழுந்து மல்லுக்கட்டியதாகத்தான் இருக்கும். அப்படிக் கட்டுவது இரண்டுமே ஆண்.

ஆச்சி கைலென்சை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நல்ல பாம்புச் சட்டை கெடச்சாலும் கூப்பிடுல, அதையும் பாத்துருதேன்" என்றாள்.