இரண்டாம் ரவுட்டரை இணைத்த என் அனுபவம்

கீழ்த்தள ரவுட்டரின் வைஃபை மாடிவரை எட்டாததால், அங்கே இன்னொரு ரவுட்டரை லேன் கேபிள் மூலம் இணைத்திருந்தோம். இணையம் நன்றாகவே வந்தது. ஆனால் மாடியிலுள்ள பிரிண்டரைக் கீழிருந்து இயக்க முடியவில்லை. பிரிண்டரின் முகவரி 192.168.0.101 என்றும், கீழே என் லேப்டாப்பின் முகவரி 192.168.1.104 என்றும், மூன்றாவது எண் வேறாக இருந்ததைப் பார்த்ததும் காரணம் புலப்பட்டது. கேபிள் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணையம் வருவதற்கான துளையில், செருகப்பட்டிருந்ததால், இரண்டாம் ரவுட்டர் தனக்கென ஒரு தனி வலையமைப்பை உருவாக்கி, கீழிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

லேப்டாப்பை அந்த ரவுட்டருடன் நேரடியாக இணைத்து, முதலில் அதன் லேன் (வீட்டு உள் வலையமைப்பு) முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். இது முதல் ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். புதிய முகவரியில் மீண்டும் நுழைந்த பிறகே அதில் டி.எச்.சி.பி வசதியை, அதாவது சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதியை, நிறுத்தினேன். இந்த வரிசை முக்கியம், டி.எச்.சி.பியை முதலில் நிறுத்தினால், லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் அமைப்புப் பக்கத்தையே திறக்க முடியாமல் போகலாம். பிறகு கேபிளை வேன் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் செருகினேன். ஆக்சஸ் பாயிண்ட் முறை (தனி வலையமைப்பை உருவாக்காமல் வைஃபையை மட்டும் வழங்கும் அமைப்பு) உள்ள ரவுட்டர்களில் இவ்வளவு வேலை இராது.

இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, ஒன்றோடொன்று குறுக்கிடாதபடி 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1, மாடியில் 11 என வைத்தேன். பிரிண்டரை அணைத்துப் போட்டதும் 192.168.1 வரிசையில் முகவரி பெற்று, கீழிருந்து அனுப்பிய பக்கத்தை உடனே அச்சிட்டது.