கேம்ப் போடுமுன் கக்கூஸை எண்ணுங்கள்

ஆகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் கேம்ப் போகப் போகிறீர்களா? "பால்நிலை சமத்துவம்" என்று பேனர் அடிக்கும் காசில் நாலு டோர்ச் லைட்டும் இரண்டு தாழ்ப்பாளும் வாங்குங்கள். இலங்கை மலையகத்தில் நான் ஹப்புத்தளைப் பக்கம்தான் இடம் பார்ப்பேன். ஹட்டன், நோர்வூட்டில் அந்த மாதம் மழை விடாது.

என் முதல் கேம்பில் பின்னேரமானால் ஒரு பிள்ளை தேத்தண்ணியைத் தொடமாட்டாள். "வேணாம் டீச்சர்." வீட்டு நினைப்பு என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள்தான் விளங்கியது. கக்கூஸ், குளிக்கிற பீலிக்கரைக்குக் கீழே. வழியில் லைட் இல்லை, கதவில் தாழ்ப்பாளும் இல்லை. இருட்டில் போகப் பயந்து தண்ணீரையே விட்டிருக்கிறாள். ஆகவே இடத்தை முடிவுசெய்யுமுன் இரவு எட்டு மணிக்கு நீங்களே அங்கே போய், படுக்கும் அறையிலிருந்து கக்கூஸ் வரை நடந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் உள்தாழ்ப்பாள், மூடியுள்ள வாளி, சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் நெப்கின். யாரிடமும் கேட்டு வாங்குகிற மாதிரி வைக்காதீர்கள். கதவின் உட்பக்கம் 1929 என்று எழுதி ஒட்டுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் நம்பர். தனியாக இருக்கும்போது வாசிக்கட்டும்.

விண்ணப்பத்தில் இரண்டு கேள்வி சேருங்கள்: உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்? எங்கே படுத்தால் நிம்மதியாகத் தூங்குவாய்? பதிலை ஒருவர் மட்டும் பார்க்க வேண்டும். தோட்டத்து லயத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும் வீட்டுச் சுவர் வழியாகச் செய்தி எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா! பெண் பிள்ளைகள் அறை, ஆண் பிள்ளைகள் அறை தவிர, பெரியவர்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை வையுங்கள். காய்ச்சல்காரர், லைட் அணைத்தால் பயப்படுபவர், எந்த அறையிலும் ஒட்டாதவர், யாரும் அங்கே படுக்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. 2016 இல் சுகாதார அமைச்சு, பாலினம் மாறியவர்களுக்கான பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி செய்தது உண்மைதான். பாய் விரிக்க அது எதற்கு?

பெண் மாதிரி நடக்கிற பையனை "பொன்ஸ்" என்று ஒருத்தன் கேலியாகக் கூப்பிட்டால் அந்த இடத்திலேயே விளையாட்டை நிறுத்துங்கள். நீண்ட பிரசங்கம் வேண்டாம். மட்டையால் பந்தடித்து ஓடுகிற எல்லேக்கும் கரப்பந்துக்கும் பிறந்த மாதப்படி அணி பிரியுங்கள். தலைவர்கள் ஆள் பொறுக்கினால் கடைசியில் நிற்பது எப்போதும் அதே இரண்டு பேர்தான். கோயிலுக்குப் போகிற காலையில் தேத்தண்ணி போட நாலு பேர் தங்கட்டும். விலக்கான பிள்ளை காரணம் சொல்லாமல் அதில் சேர்ந்துகொள்வாள்.

"ஆம்பளப் புள்ள பொம்பள மாதிரி நடக்குது, நீங்க கண்டிக்க மாட்டீங்களா?" என்று ஒரு தகப்பன் கேட்டார். "மாசியில காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டுறது யாருங்கண்ணே? ஆம்பளதானே? அப்ப முழுத் தோட்டமும் கும்பிடுதே?" என்றேன். சிரித்துவிட்டார். சம்மதம் என்று சொல்லவில்லை, ஆனால் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப் போகவுமில்லை.

வேலைப் பட்டியலில்தான் நான் அதிகம் சறுக்கினேன். பெண்கள் சமையல், பையன்கள் விறகு என்று எழுதிவைத்தேன். நனைந்த விறகில் நெருப்புப் பிடிக்க வைத்ததோ ஒரு பெண் பிள்ளை. ரொட்டிக்கு மாவு பிசைந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு, உள்ளங்கையிலேயே வட்டமாகத் தட்டியது ஒரு பையன். அம்மா குவைத்தில். தம்பி தங்கச்சிக்குச் சமைப்பது அவன்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரவு எல்லார் முன்னாலும் அவனை நிறுத்திப் பாராட்டினேன். மறுநாள் அவன் குசினிப் பக்கமே வரவில்லை.

அப்படிச் செய்யாதீர்கள். இப்போது என்னிடம் ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. வேலைகளைச் சீட்டில் எழுதிப் போட்டு, தினமும் காலையில் குலுக்குவேன். ரொட்டி வந்தால் ரொட்டி, விறகு வந்தால் விறகு. போன முறை எனக்குக் கக்கூஸ் கழுவ வந்தது.