குழந்தையின் தலையில் வேகமாக வளரும் கட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவித் தமிழ் வீடுகளில் குழந்தையின் தலையில் கட்டி தென்பட்டால், சூட்டுக் கட்டி என்று சொல்லிச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டுவிடுகிறார்கள். இளந்தோல் வெந்துபோகும். பிறகு பார்க்கும் மருத்துவருக்குக் கட்டியால் வந்த சிவப்பு எது, சுண்ணாம்பால் வந்தது எது என்றே புரியாது. அதைவிட, வாரம் ஒருமுறை பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வைத்தால் வளரும் வேகமாவது தெரியும்.

சில வாரங்களிலேயே கிடுகிடுவெனப் பெருத்துவிடும் கட்டிகளில் கிரேனியல் ஃபேசியைடிஸ் ஒன்று. தலையில் மண்டையோட்டை ஒட்டி வளரும் நார்த்திசுக் கட்டி இது. அரிதானது, 1980இல்தான் தனிநோயாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும். மண்டையோட்டின் வெளிப்புறத்தை அரித்தும்விடும். ஸ்கேனில் அந்த அரிப்பைக் கண்டதும் புற்றுநோய் என்று வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் இது புற்றுநோய் அல்ல, வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. முழுதாக அகற்றிவிட்டால் மீண்டும் வருவது அரிது.

எனக்கு அதிகம் கோபம் வருவது, "சீழ்தான், கீறிவிட்டால் சரியாகிவிடும்" என்று தெருமுனைக் கிளினிக்கில் கத்தி வைப்பதைக் கேட்கும்போதுதான். தலையின் நடுக்கோட்டில் பிறவியிலேயே இருக்கும் சில டெர்மாய்டு கட்டிகளுக்கு மண்டையோட்டுக்குள் வரை தொடர்பு இருக்கும். அவற்றைக் கீறினால் கிருமி மூளையுறை வரை போகலாம். ரத்தக்குழாய்க் கட்டி என்றால் ரத்தம் கொட்டும். அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ பார்க்காமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். காதுக்குப் பின்னால் சிறு நெறி கட்டியிருந்தால், முதலில் பேனும் புண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பயாப்சி, அதாவது கட்டியின் திசுவை எடுத்துச் சோதிப்பதன் முடிவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபேசியைடிஸில் செல்கள் மும்முரமாகப் பெருகுவதால் அதைச் சார்கோமா என்ற புற்றுநோய் என்று தவறாகப் படித்துவிட வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு காகிதத்தை நம்பி கீமோதெரபிக்குத் தலையாட்டாமல், அந்தத் திசு வைத்த கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கி, குழந்தைகளின் கட்டிகளைப் பார்த்துப் பழகிய நிபுணரிடம் மறுபடி காட்டுங்கள். மும்பை பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனையும் டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. டாட்டாவுக்குச் சீட்டு எழுதினாலே முடிவு தெரிந்துவிட்டது என்று அழ வேண்டியதில்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் அங்கே அனுப்புவார்கள்.

ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று திருநெல்வேலிக்கு ரயில் ஏறுகிறவர்கள் ஸ்கேன் குறுந்தகட்டையும் அந்தத் தகடுகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைக்கு ஓயாத வாந்தி, வலிப்பு, அசாதாரணத் தூக்கம் இருந்தால் ரயிலே வேண்டாம். அன்றே அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.