லினக்ஸில் ரெஃப்ரெஷ் ரேட் சிக்கலா? டிரைவரில் கை வைக்கும் முன் பட்டியலைப் பாருங்கள்

144 ஹெர்ட்ஸ் மானிட்டரை, அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையை (இந்த எண்தான் ரெஃப்ரெஷ் ரேட்), லேப்டாப்பில் மாட்டியதும் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தால், பலரும் முதலில் பழி போடுவது கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவர் மேல்தான். இருப்பதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் லினக்ஸின் மையமான கெர்னல், அப்புறம் டிஸ்ட்ரோவே (லினக்ஸ் தொகுப்பே) மாறும். அம்பு மட்டும் திருந்தாது.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. டிஸ்ப்ளே செட்டிங்ஸ் காட்டும் பட்டியலில் 144 இருக்கிறதா? இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கேபிள், போர்ட், மானிட்டரின் மெனு ஆகியவற்றில்தான். 144 இருக்கிறது, தேர்ந்தெடுத்தும் ஆயிற்று, ஆனாலும் திணறுகிறது என்றால் மென்பொருள் பக்கம் போங்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் இறங்குவதால்தான் மற்ற தவறுகள் வரிசையாக வருகின்றன.

இல்லாத வேகத்தை வலிந்து சேர்ப்பது

பட்டியலில் 144 இல்லை என்றதும் சிவிடி (cvt) கட்டளையில் அந்த வேகத்துக்கான சிக்னல் எண்களைக் கணக்கிட்டு, திரையை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளை வழியாகப் புது மோடாகச் சேர்ப்பது ஒரு வழக்கம். திரை கறுத்துப்போகும், அல்லது சிக்னல் இல்லை என்று மானிட்டர் சொல்லும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டாலே புரியும்.

2560×1440 திரையை நொடிக்கு 144 முறை வரைய ஏறத்தாழ 53 கோடிப் புள்ளிகள் போக வேண்டும். வரிகளுக்கும் ஃபிரேம்களுக்கும் (முழுப் படங்களுக்கும்) இடையே விடும் வெற்று நேரத்தையும் சேர்த்தால் 58 கோடியைத் தொடும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் தாங்குவது அதிகபட்சம் 34 கோடி. எந்த டிரைவரைப் போட்டாலும் இந்த வரம்பு நகராது. எச்டிஎம்ஐ 2.0 என்றால் 60 கோடி வரை போகும், எனவே 144 அதில் அடங்கும். ஆனால் சிவிடி கட்டளையை அப்படியே ஓட்டினால், பழைய குழாய்த் திரைகளின் கணக்கில் தாராளமாக வெற்று நேரம் விட்டு 80 கோடிக்கு மேல் கேட்கும். ஆகவே அடங்கக்கூடிய வேகமும் அடங்காமல் போகிறது. வெற்று நேரத்தைக் குறைக்கும் ஆப்ஷன் அந்தக் கட்டளையில் உண்டு. அதுவோ 60-இன் மடங்குகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும். 144 என்றால் மறுத்துவிடும்.

மானிட்டர் தன்னால் என்னென்ன முடியும் என்பதை ஈடிஐடி என்ற சிறு தகவல் தொகுப்பாக லேப்டாப்புக்கு அனுப்புகிறது. ஈடிஐடி-டீகோட் (edid-decode) என்ற கருவியால் அதைப் படித்துப் பார்க்கலாம். அதில் 144 இருந்தும் செட்டிங்ஸில் வரவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது. போர்ட்டையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். ஈடிஐடியிலேயே இல்லை என்றால் மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் மெனுவுக்குள் போங்கள். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட்டின் பதிப்பையோ எச்டிஎம்ஐ பதிப்பையோ அங்கே குறைத்து வைத்திருப்பார்கள். ஓவர்கிளாக் என்ற தலைப்பின் கீழ் உச்ச வேகத்தை அணைத்து வைத்திருப்பதும் உண்டு.

யூஎஸ்பி-சி ஹப் வழியாக மாட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இணைப்பில் அதிவேகத் தரவுக்கென நான்கு தடங்கள் உண்டு. ஹப்பில் வேகமான யூஎஸ்பி போர்ட்களும் இருந்தால் பெரும்பாலும் இரண்டு தடங்கள் அவற்றுக்குப் போய்விடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் மிச்சம் இரண்டே தடம் என்றால் 4கே திரை 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். லேப்டாப், ஹப் இரண்டும் 1.4 என்றால் அதே இரண்டு தடத்தில் 60 வரும்.

ஏஎம்டி கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறமூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி எழுதித் தந்த திட்டத்தை, அந்தத் தரநிலையை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் நிராகரித்தது. 4கே 120 வேண்டுமென்றால் மல்லுக்கட்டாமல் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறிவிடுங்கள்.

எந்த செஷனில் இருக்கிறோம் என்று பார்க்காமல் கட்டளை இடுவது

லினக்ஸில் திரையில் படம் காட்டும் அமைப்புகள் இரண்டு: பழைய எக்ஸ் 11, புதிய வேலேண்ட். வேலேண்ட் செஷனில் இருந்துகொண்டு எக்ஸ்ரேண்டர் கட்டளையைத் தட்டுபவர்கள் இன்றும் ஏராளம். அங்கே அது பேசுவது பழைய செயலிகளுக்காக ஓடும் எக்ஸ்வேலேண்ட் அடுக்கிடம் மட்டும்தான். அது காட்டும் பட்டியலை நம்ப வேண்டாம். அதில் மாற்றினாலும் மானிட்டரின் வேகம் மாறாது. திரையின் பெயர் எக்ஸ்வேலேண்ட்0 என்று வந்தால் தவறான இடத்தில் நிற்கிறீர்கள். உங்கள் டெஸ்க்டாப் கேடிஇ என்றால் கேஸ்க்ரீன்-டாக்டர் (kscreen-doctor) கட்டளை, ஸ்வே போன்றவை என்றால் டபிள்யூஎல்ஆர்-ரேண்டர் (wlr-randr), ஜினோம் என்றால் செட்டிங்ஸ் பக்கமே போதும்.

எக்ஸ் 11 செஷனில் சிக்கல் வேறு மாதிரி. 1987-இல் வந்த அமைப்பு அது. இரண்டு மானிட்டர்களையும் சேர்த்து ஒரே பெரிய திரையாகத்தான் பார்க்கும். லேப்டாப் திரை 60, வெளித்திரை 144 என்று இருந்தால், மானிட்டர் 144-லேயே ஓடினாலும், ஜன்னல்களை ஒன்றுசேர்த்து அதற்கு ஃபிரேம் தரும் கம்போசிட்டர் என்ற மென்பொருள் ஏதாவது ஒரு திரையின் தாளத்துக்குத்தான் ஆடும். அது 60-ஐப் பிடித்துக்கொண்டால் வாங்கிய 144 வீண். இதற்கு மருந்தாக கம்போசிட்டரை அணைக்கச் சொல்வார்கள். அணைத்தால் திரை கிழிசல் வரும், அதாவது படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியும். லேப்டாப் திரையை அணைப்பது தற்காலிகமாக உதவும். ஒவ்வொரு திரையையும் அதனதன் வேகத்தில் ஓட்ட வேண்டுமென்றால் வேலேண்டுக்குப் போவதுதான் நேர்வழி. ஜினோமில் இது 2020-இல் வந்த 3.38 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

இரண்டு ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இருப்பதை மறப்பது

கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட் பெரும்பாலும் என்விடியா ஜிபியுவோடு இணைந்திருக்கும். உள்திரையோ இன்டெல் அல்லது ஏஎம்டியோடு. டெஸ்க்டாப்பை வரைவது ஒரு ஜிபியு, வெளித்திரைக்கு அனுப்புவது இன்னொன்று. ஒவ்வொரு ஃபிரேமையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்க வேண்டும். பட்டியலில் 144 இருக்கும், தேர்வும் ஆகும், ஆனால் ஜன்னலை இழுத்தால் தெற்றும். சிஸ் கோப்பகத்தில் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் (/sys/class/drm) என்று போய்ப் பார்த்தால் கார்டு0, கார்டு1 என்ற முன்னொட்டோடு போர்ட்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எந்த போர்ட் எந்த ஜிபியுவுக்குச் சொந்தம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பல மாடல்களில் யூஎஸ்பி-சி போர்ட் உள்ளிணைந்த (இன்டெல் அல்லது ஏஎம்டி) ஜிபியுவின் பக்கம் இருக்கும். கேபிளை அங்கே மாற்றினாலே தெற்றல் நின்றுவிடலாம். லேப்டாப்பின் தொடக்க அமைப்பான பயாஸில் தனி ஜிபியுவை (என்விடியா) மட்டும் ஓட்டும் வசதி இருந்தால் அதையும் முயலலாம், பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதை ஏற்றுக்கொண்டு.

வேகத்தை அளப்பதிலும் ஏமாற இடமுண்டு. ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் (glxgears) என்ற சோதனைச் செயலி காட்டுவது அந்தச் செயலி எத்தனை ஃபிரேம் வரைகிறது என்பதைத்தான். திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை மானிட்டரின் சொந்தத் தகவல் பக்கத்தில் பாருங்கள்.

பட்டியலில் 60-க்குப் பதில் 59.94 இருந்தால் அது கோளாறில்லை, வீடியோ தரநிலையில் உள்ள எண்தான். இன்டெல் லேப்டாப்பின் உள்திரை மட்டும் அவ்வப்போது உறைந்தாலோ மினுக்கினாலோ, ரெஃப்ரெஷ் ரேட்டை நோண்டுவதற்கு முன் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்ற மின்சிக்கன வசதியை கெர்னல் அளவுருவில் (கெர்னல் தொடங்கும்போது அதற்குத் தரும் அமைப்பில்) அணைத்துப் பாருங்கள்.