குட்டிப் பெப்டைடுகளோடு வேலை செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் லேபில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒரு கிராஃபைக் கொண்டுவந்து காட்டினாள். பெருங்குடல் புற்றுச் செல்களின் வளர்ச்சியை அவளுடைய பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, நன்றாகவே குறைத்திருந்தது. முகமெல்லாம் பூரிப்பு. "இது எந்த உப்பும்மா?" என்று கேட்டேன். தெரியவில்லை. அந்த வயதில் எனக்கும் தெரியாது.

அவள் ஆர்வம் எனக்குப் புரிகிறது. 2001-ல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகக் குழு, அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து ஹியூமனின் என்ற பெப்டைடைக் கண்டெடுத்தது. வெறும் 24 அமினோ அமிலம். நரம்புச் செல்கள் சாகாமல் காத்தது. 2017-ல், புரதம் எதுவும் தராது என்று ஒதுக்கி வைத்திருந்த ஓர் ஆர்.என்.ஏ.விலிருந்து 53 அமினோ அமிலப் பெப்டைடு வருவதும், அது பெருங்குடல் புற்றை அடக்குவதும் தெரியவந்தது. இவற்றில் பலவற்றை ஆர்டர் கொடுத்தாலே பொடியாகச் செய்து அனுப்பிவிடுகிறார்கள். வினையே அங்கேதான்.

பொடிக்குள் என்ன என்று கேட்காதது

பெப்டைடைத் தயாரிக்கும்போதும் சுத்திகரிக்கும்போதும் டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம், அதாவது டி.எஃப்.ஏ., பயன்படுகிறது. ஆர்ஜினைன், லைசின், ஹிஸ்டிடின், சங்கிலியின் முதல் முனை என்று நேர்மின்னூட்டம் உள்ள இடமெல்லாம் அது உப்பாக ஒட்டிக்கொள்ளும். ஹியூமனினில் அப்படி ஐந்து இடம். ஐந்திலும் ஒட்டினால், நீங்கள் நிறுக்கும் ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய 17 சதவீதம் டி.எஃப்.ஏ.தான். ஈரம் தனி. சர்டிஃபிகேட்டில் இருக்கும் "98% தூய்மை" இது இரண்டையும் கணக்கில் எடுக்காது.

நிறை தப்பினால்கூடத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் டி.எஃப்.ஏ. தானாகவே செல்களின் பெருக்கத்தைக் குறைக்கக்கூடியது. எலும்பு, குருத்தெலும்புச் செல்களில் 1999-லேயே காட்டிவிட்டார்கள். நான் எட்டு மாதம் ஒரு பெப்டைடின் பின்னால் அலைந்தேன். செல்கள் அழகாக அடங்கின. ஒப்பிட்டுப் பார்க்க, அமினோ அமில வரிசையைக் கலைத்துச் செய்த கன்ட்ரோல் பெப்டைடு எதுவும் செய்யவில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நினைத்தேன். கன்ட்ரோலை வேறு இடத்தில் வாங்கியிருந்தேன். அது டி.எஃப்.ஏ. உப்பாக இல்லாமல் அசிட்டேட் உப்பாக வந்திருந்தது. என் பெப்டைடையும் அசிட்டேட்டாக வரவழைத்துப் போட்ட அன்று, செல்கள் பாட்டுக்கு வளர்ந்தன. எட்டு மாதம், மூன்று நோட்டு. இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

பெப்டைடும் கன்ட்ரோலும் ஒரே இடத்தில், ஒரே உப்பாக வாங்குங்கள். செல்லில் போடுவதென்றால் அசிட்டேட் கேளுங்கள். டி.எஃப்.ஏ. உப்பை மட்டும் தனியாக, செல் வளர்க்கும் தட்டின் ஒரு குழியில் போட்டுப் பாருங்கள். அந்த மாணவியையும் அதைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறப்பது

ஈரம் ஏறும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள்.

சிஸ்டைன் இருப்பதை மறந்து டி.எம்.எஸ்.ஓ.வில் கரைப்பது

சிஸ்டைன் கந்தகம் உள்ள அமினோ அமிலம்; டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் அது ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். ஹியூமனினின் எட்டாவது இடத்துச் சிஸ்டைன் கெட்டால் வேலையே போச்சு.

காக்கும் பெப்டைடு புற்றையும் அடக்கும் என்று எழுதுவது

இரண்டையும் ஒரே வரியில் எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது பதறுகிறது. செல்லைச் சாவை நோக்கித் தள்ளும் பாக்ஸ் புரதத்தை ஹியூமனின் பிடித்துவைக்கிறது. நரம்புச் செல்லுக்கு அது உயிர்; புற்றுச் செல்லுக்கும் அதே உயிர்தானே? 2020-ல் வெளிவந்த எலி ஆய்வில், மார்பகப் புற்று வளர ஹியூமனின் துணைபோனது. ஆகவே நரம்பைக் காக்கிறது என்று ஒரு பெப்டைடைத் தூக்கிக்கொண்டு வருமுன், அதே அளவைப் புற்றுச் செல்களிலும், கீமோ மருந்து போட்டும் போடாமலும், ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.